எபினேசருக்குக் கட்டிய பேனர்

ராயபுரம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள எபிக்கு,

மகிமா எழுதுவது. நானும் கெசியாவும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. கேட்கிற நிலையில் நான் இல்லை. கெசியா இப்போதுதான் தூங்கினாள். பகலில் உட்கார்ந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள், நானும் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். உன் மேல் இருக்கிற கோபம் இரண்டு வயசுப் பிள்ளை மேல் விழக்கூடாது என்றுதான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

என் போனை நீ எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காலையில் இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மீட்டவர்களைத் தங்கவைத்திருக்கிற உங்கள் முகாமுக்கு வந்துபோகிற தூதரகத்து அம்மாவின் நம்பருக்கு அனுப்புவேன். பிரிண்ட் எடுத்து உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் நீ சொன்னதும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அரசு விமானம் வருகிறது, ஏறுகிறீர்களா என்று கேட்டதற்கு, 'யோசிச்சு சொல்றேன் மேடம்' என்றாயாம். எதை யோசிக்கிறாய்? அந்த முள்வேலிக்குள் மாதக்கணக்கில் அடிபட்டுக் கிடந்தாய். ராணுவம் வந்து கதவை உடைத்து வெளியே விட்டிருக்கிறது. இதற்குப் பிறகு சொந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு யோசனையா?

மீஞ்சூர் நிலவன் வெள்ளிக்கிழமை வந்திருந்தான். உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன், போன விமானத்திலேயே ஊர் வந்துவிட்டான். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன்தான் சொன்னான், முகாம் கேட்டுக்கு வெளியே ஒருவன் தினமும் வந்து நிற்கிறானாம். லாவோஸில் நல்ல கம்பெனி, அங்கே அடி உதை கிடையாது, நிஜமான வேலை என்கிறானாம். மற்றவர்கள் அவனைத் திட்டிவிட்டு உள்ளே போகிறார்களாம். நீ மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாயாம். ஒரு முறை தெரியாமல் போய் மாட்டினவனை மன்னிக்கலாம். நீ முதல் முறையே தெரிந்து போனவன்.

ஆமாம், தெரிந்துதான் போனாய். நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் அரசு வெளியிட்ட எச்சரிக்கையை நான் உனக்குப் படித்துக் காட்டவில்லையா? தாய்லாந்தில் டைப்பிங் வேலை என்று கூப்பிடுவார்கள், சுற்றுலா விசாவில் போகாதீர்கள், அங்கிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் அடைத்துவைத்து ஆன்லைனில் ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்வார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எம்.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் வந்தது என்று நினைத்தேன். நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாய். உன் விசாவும் சுற்றுலா விசாதான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, 'பேனர் கட்டிட்டானுங்க மகி, இனிமே எப்படி?' என்றாய்.

அந்தப் பேனர்! டிரான்ஸ்ஃபார்மரை மறைத்துக்கொண்டு தெரு முனையில் நின்றதே, அதைத்தான் சொல்கிறேன். 'கடல் கடந்து கம்ப்யூட்டர் பணிக்குச் செல்லும் எங்கள் ராயபுரத்தின் தங்கமே' என்று எழுதி, நீ கோட்டு போட்ட மாதிரி ஒட்டவைத்து, தலைக்கு மேலே ஒரு ஏரோப்ளேன். தாய்லாந்துக்குப் போகிறவனுக்குப் பின்னால் ஈபிள் டவர். கீழே உபைதுல்லாவும் உன் மற்ற தோஸ்துகளும் கூலிங் கிளாஸ் போட்டு வரிசையாக. நம் தெருவில் காது குத்தினாலும் பேனர், கவுன்சிலர் வீட்டு நாய் குட்டி போட்டாலும் பேனர். அதை யார் படிக்கிறார்கள்? மழை வந்தால் கிழித்துக்கொண்டு போய் மீன் கூடையை மூடுகிறார்கள். ஆனால் நீ அதை ஏதோ கோர்ட் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டாய். அரசாங்கம் போகாதே என்றது, பெண்டாட்டி போகாதே என்றாள், பேனர் போ என்றது. நீ பேனர் பேச்சைக் கேட்டாய்.

எண்ணூர் யார்டில் வேலை போன நாளிலிருந்து தெருவில் தலை குனிந்து நடந்தாய் என்று எனக்குத் தெரியாதா? கண்டெய்னர் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்த ஆளுக்குப் பதில் கேமராவை வைத்துவிட்டார்கள். அது உன் தப்பு இல்லை. அந்தப் பேனரில்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு உன் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று போட்டிருந்தார்கள். அது எனக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் அன்றைக்கு இன்னும் சத்தம் போடாமல் விட்டேன்.

நீ மாட்டிக்கொண்டது தெரிந்ததும், கெசியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டோல்கேட்டுக்குப் போனேன். உன்னை அனுப்பினானே, செல்போன் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற ஏஜென்ட், அவனைப் பார்க்க. போர்டில் பெயரை மாற்றிவிட்டான், ஆள் அதே ஆள். சுவரில் என்ன ஒட்டியிருந்தான் தெரியுமா? நான் உனக்குப் படித்துக் காட்டிய அதே எச்சரிக்கை! பெரிதாக்கி, லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில். 'பாருங்க சிஸ்டர், மோசடிக்காரங்க நெறைய பேர் கீறாங்க, உஷாரா இருங்கன்னு நாங்களே ஒட்டி வெச்சிருக்கோம். உங்க வூட்டுக்காரரும் இத பாத்துட்டுத்தான் போனாரு' என்று சிரிக்கிறான். கீழே பெஞ்சில் நான்கு பையன்கள், கையில் பாஸ்போர்ட். அவர்களைப் பார்த்து நான் கத்திய கத்தலில் கெசியா அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். இரண்டு பேர் போகவில்லை. அவர்கள் தெருவிலும் பேனர் கட்டியாகிவிட்டதோ என்னவோ.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு, 'அதான் கவர்மெண்ட்டு வார்னிங் குடுத்துச்சேம்மா' என்றார் ஒருவர். கொடுத்தார்கள் சார், நன்றாகக் கொடுத்தார்கள். எங்கே போகக்கூடாது என்று வெப்சைட்டில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார்கள். இங்கே இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. எண்ணூர்ப் பக்கம் ஆலையிலிருந்து நாற்றம் கிளம்பி நாங்கள் பிள்ளையின் மூக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டு ஓடுகிற ராத்திரியில் ஒரு எச்சரிக்கையும் வருவதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன் எபி. கெசியாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பிவைத்தார்.

உன் அம்மா கோயிலில் யார் கேட்டாலும், 'ஆபீஸ்ல லீவு குடுக்க மாட்டேன்றாங்க' என்கிறார். நீ போகிற அன்று சபையில் எழுந்து நின்று உனக்காக ஜெபம் ஏறெடுக்கச் சொன்னவர். இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்பே எழுந்து வந்துவிடுகிறார். என்னிடம் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. உன் சட்டைகளை மட்டும் வாராவாரம் எடுத்து, போடாத சட்டைகளை, மறுபடி துவைத்துக் காயவைக்கிறார்.

உபைதுல்லா வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. 'அண்ணி, நான் பேனர் வெக்கலன்னா மாமு நின்னுருப்பான் அண்ணி' என்றான். ஆமாண்டா, நீதாண்டா அனுப்பினாய் என்று தெருவே கேட்கத் திட்டினேன். மறுநாள் மழைக்கு முன்னால் வந்து, எடுத்துவைத்திருந்த அந்தப் பேனரை நம் மொட்டைமாடியில் கூரை பிய்ந்துபோன ஷெட்டுக்கு மேல் கட்டினான். படம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிக் கட்டினான். வெளியிலிருந்து எவன் பார்த்தாலும் வெள்ளை முதுகுதான் தெரியும். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் மட்டும் நீ தெரிவாய், தலைகீழாக, கோட்டோடு. கெசியா தினமும் அங்கேதான் படுத்து உன்னிடம் பேசுகிறாள். ஈபிள் டவரையும் அப்பா என்கிறாள்.

மீன்காரக் குப்பம்மாவுக்கும் விஷயம் தெரியும். நான்தான் சொன்னேன். மறைத்து மறைத்து எனக்கு மூச்சு முட்டியது. என்ன சொன்னாள் தெரியுமா? 'பேனருக்கு பயந்துகினு எவனாச்சும் வூட்டுக்கு வராம கீறானா? எம்புள்ள ஜெயிலுக்குப் போயிட்டு வந்தான், அதுக்கே பட்டாசு கொளுத்துனானுங்கம்மே. வரச்சொல்லு, வவ்வா மீனு எடுத்து வெக்கிறேன்' என்றாள். எந்தத் தெருவைப் பார்த்துப் பயப்படுகிறாயோ, அந்தத் தெரு இவ்வளவுதான்.

ஆனால் பேனர் மட்டும் காரணமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். நிலவன் அதையும் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களைப் பெண் பெயரில் வெளிநாட்டுத் தமிழர்களோடு பேசவைத்தார்களாம். ஆள் சிக்காத நாளில் கரண்ட் ஷாக். உனக்கு யாரும் சிக்கவில்லையாம், உன் இடது கை விரல் மடங்காமல் போகும்வரை. அதற்குப் பிறகு நீ ஒரு வழி கண்டுபிடித்தாயாம். முதல் மெசேஜாக 'சாப்பிட்டியா?' என்று மட்டும் அனுப்புவாயாம். நீ யார்டில் நைட் ஷிப்ட் இருந்தபோதெல்லாம் நான் அனுப்பிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அதற்கு எல்லோரும் பதில் போட்டார்களாம். துபாயில் லாரி ஓட்டுகிற ஒரு தூத்துக்குடிக்காரர், தன்னை அப்படிக் கேட்டு வருஷக்கணக்காயிற்று என்று அழுதாராம். பிறகு பிள்ளைகள் படிப்புக்கு வைத்திருந்த பணத்தையெல்லாம் அனுப்பிவிட்டாராம்.

நான் தினமும் உனக்கு அனுப்புகிற மெசேஜ் என்ன என்று நினைத்துப் பார்த்தேன். நீல டிக் ஏன் விழுகிறது, பதில் ஏன் விழவில்லை என்று புரிந்தது. அன்று ராத்திரி உன்னைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது, திட்டுகிறேன். அடித்துத்தான் செய்யவைத்தார்கள் என்பது உண்மை. அந்த மனிதர் ஏமாந்ததும் உண்மை. அதற்கு லாவோஸுக்கு ஓடினால் சரியாகிவிடுமா? அங்கேயும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து இன்னொரு ஆளை அழவைப்பார்கள். நிலவன் ஊர் வந்த மறுநாளே சைபர் கிரைமில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நீயும் வந்து சொல். அந்தத் தூத்துக்குடிக்காரரின் பெயர் உனக்குத்தான் தெரியும். ஸ்டேஷனுக்கு நானும் கூட வருகிறேன். எனக்கு அங்கே பிஸ்கட் கொடுக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

வேலை இல்லை என்றால் இல்லை. நான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், சாயங்காலம் வீடு நிறையச் சத்தம். நீ வந்தால் கெசியாவையாவது பிடித்துக்கொள்வாய்.

கேட்டுக்கு வெளியே நிற்கிறவனிடம் இனி ஒரு வார்த்தை பேசாதே. வியாழக்கிழமை அந்த அம்மா வந்து கூப்பிடும்போது யோசிக்காமல் எழுந்து போ. விமான நிலையத்துக்கு யாரும் மாலையோடு வரமாட்டார்கள். நான், கெசியா, உபைதுல்லா, அவன் ஆட்டோ, அவ்வளவுதான். உன் அம்மாவை வீட்டில் உலை வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அரிசியை மட்டும் கூடப் போடுவார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் எபி. அந்தக் கேள்வியை இனி நான் உன்னிடம் கேட்கமாட்டேன். போனிலும் கேட்கமாட்டேன், நேரிலும் கேட்கமாட்டேன். நீ வந்து உட்கார், நான் பேசாமல் சோறு போடுகிறேன். இடது கைதானே மடங்காது?

ஆண்டவர் உன் மறு கையைப் பிடித்து விமானப் படியில் ஏற்றிவிடட்டும். இறங்கின பிறகு உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோபம் தீராமல்,
உன் மகிமா