மணியின் வயிற்றுச் சிவப்பு

புரட்டாதி, சனி இரவு

இன்று ஆட்கள் நிறைந்த அறையில் நான் வாய் திறந்து கதைத்தேன். அந்தப் பரபரப்பில் நித்திரையே வரவில்லை.

எங்கள் நாய் மணிக்குச் சொறி என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். அக்காவின் குழந்தைக்குத் தொற்றிவிடும், நாளைக்கு அவனை அச்சுவேலிச் சந்தையடியில் விட்டுவிட்டு வருவேன் என்றார். நான் கெஞ்சியதால்தான் கோப்பாயில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

"எங்கை சொறியுது?" என்று கேட்டார் வைத்தியர்.

"உடம்பு முழுக்க, ஐயா," என்றார் அப்பா.

"இல்லை டொக்டர்," என்றேன். "வயித்திலை மட்டும்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடுது. அம்மா விரதத்துக்கு வீடு கழுவேக்கை பினைல் கனக்க ஊத்துவா. இவன் அந்த ஈரத்திலைதான் படுக்கிறவன்."

வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

"பூச்சி ஒண்டும் இல்லை. பிள்ளை சொன்னதுதான் சரி. பினைலை நிப்பாட்டுங்கோ, இந்தக் களிம்பைப் பூசுங்கோ. ஒருத்தருக்கும் தொத்தாது."

"வாகனக் கழிவு ஒயில் பூசலாமோ, ஐயா?" என்று கேட்டார் அப்பா.

"நீங்கள் பூசிக் குளிப்பியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

வீட்டில் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாய்க்காண்டி விரத வீட்டைப் பச்சைத் தண்ணியிலை கழுவுறதோ?"

"மஞ்சளைக் கரைச்சுத் தெளி," என்றார் அப்பா. "மணி இஞ்சைதான் நிப்பான். இவள் படிச்சதுக்கு இண்டைக்குத்தான் எனக்கு அர்த்தம் விளங்கினது."

அவர் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெளியே மணி இன்னும் சொறிகிறான். எழும்பிப் போய் இன்னொரு முறை களிம்பு பூசிவிட்டு வந்துதான் படுக்கவேண்டும்.