உன் கிருமிக்குச் சோறு

இன்று காலை ஆய்வகத்தில் கிருமித் தட்டுகள் இருந்த வளர்ப்புப் பெட்டியைத் திறந்ததும் மழை ஓய்ந்த மண்ணின் வாசம் முகத்தில் அடித்தது. வெளியே சுள்ளென்று வெயில். மறையூரில் நீ தோண்டிய கரையான் புற்றிலிருந்து நாம் பிரித்த நுண்ணுயிர்களில், இதுவரை சோதிக்காமல் கிடந்த ஒன்றின் வாசம் அது. மழைக்கு ஏங்கும் மீனாட்சிபுரத்துக்காரி நான். உடனே மூக்கை நீட்டினேன். "ஏட்டி, மூக்க நம்பாத, தட்டப் பாரு" என்று நீ அதட்டுவது கேட்டது.

அன்று கரும்புக்காட்டு வரப்பில் அரைநாள் தோண்டினோம். கரையான்கள் மண்ணுக்கடியில் காளான் பயிரிட்டுத் தின்கின்றன. அந்தப் பயிரில் வேறு பூஞ்சை அண்டாமல் காக்கும் நுண்ணுயிர்கள் சுரப்பது மனிதருக்கும் மருந்தாகுமா என்பதுதான் நம் தேடல். வெல்லம் காய்ச்சும் இடத்தில் பாகு கேட்டு வாங்கி நக்கியபடி, "கிருமிக்குச் சோறு போட்டே கிழவியாயிருவோம்டி" என்று சிரித்தாய். நீ கிழவியாகவில்லை.

உன் காலில் செருப்பு கடித்த சின்னக் காயம்தான். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி மருந்து கொடுத்தும் அதன் வழியே ரத்தத்தில் ஏறிய கிருமி அசையவில்லை. தேவிகுளத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த உன் அம்மா ஓடிவந்து, வராந்தாவில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் தேடுத மருந்து இருக்குல்லா, அத இவளுக்குக் குடுக்கக் கூடாதாம்மா?"

தட்டில் கிருமியைத் தடுப்பதெல்லாம் மருந்தாகிவிடாது, உடம்புக்குள் போனால் விஷமாகவும் ஆகலாம் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் துப்பட்டாவை அவர் இழுத்த இழுப்பு இன்னும் என் தோளில் இருக்கிறது.

உன் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியை, அம்மாவின் சம்மதத்தோடு, ஆய்வுக்காக நம்மிடம் கொடுத்தார்கள். எது அதைக் கொல்லும் என்று பார்க்க வேண்டுமானால் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். நீ மாதா கோயில் கல்லறையில் கிடக்கிறாய். உன்னைத் தின்றது என் கையால் தின்கிறது. எனக்கு அதன்மேல் வெறுப்புதான். ஆனால் உன் உடம்பிலிருந்து வந்ததில் உயிரோடு மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற வரும்போதெல்லாம் அம்மா என்னிடம் தணிந்த குரலில் கேட்பார், அது இன்னும் இருக்கிறதா என்று. இருக்குங்கம்மா என்பேன்.

இன்று நீ சொன்னபடி தட்டைப் பார்த்தேன். உன் கிருமியைப் பரப்பி, நடுவே வைத்திருந்த புற்று நுண்ணுயிரைச் சுற்றித் தெளிந்த வளையம். அந்த வட்டத்துக்குள் உன் கிருமி முளைக்கவே இல்லை. முதல் தடவை. உன்னைக் கூப்பிடப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இந்த நுண்ணுயிர் நம் உறைபெட்டியில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மருந்தாக வெகுகாலம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ துடிச்ச மாதிரி அதுவும் துடிச்சிருக்குமாம்மா?"

தெரியலைங்கம்மா என்றேன். ஒருமுறை தெரிந்த வளையத்தை நம்ப முடியாது. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு அந்தக் கிருமி பிழைத்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினேன். உன் கிருமிக்குச் சோறு போட்டேன்.