எட்டாவது ட்ரே

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து பேக்கிங்கில் நாலாம் நம்பர் டேபிள். மூன்று வருடம் மோல்டிங் ஷெட்டில் வெந்தவளுக்கு ஃபேன் காற்றே பெரிய விஷயம். வேலை சுலபம்தான். கார் கதவுக்குள் போகிற பிளாஸ்டிக் கிளிப். ஒரு ட்ரேயில் பதினேழு குழி, பதினேழு கிளிப். ட்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தம் எத்தனை என்று ஸ்டிக்கரில் எழுத வேண்டும்.

பதினேழு! இருபதாக வைத்திருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

27ஆம் தேதி லைன் லீடர் டெஸ்ட் என்று சூப்பர்வைசர் டில்லிபாபு சொன்னார். மேனேஜர் அடுக்கைக் காட்டுவார், எத்தனை கிளிப் என்று நின்ற இடத்தில் சொல்ல வேண்டும். போன் கிடையாது, பேப்பர் கிடையாது. பாஸ் ஆனால் பர்மனென்ட். இல்லையென்றால் ஜூலையோடு கான்ட்ராக்ட் முடிகிறது, வீட்டுக்குப் போகலாம். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவளிடம் வந்து பதினேழாம் வாய்ப்பாடு கேட்கிறார்கள். நல்லா இருக்கு நியாயம்.

ஜூன் 11, புதன்

மெர்சியின் பழைய நோட்டில் வாய்ப்பாட்டை எழுதி வாங்கினேன். அஞ்சாவது படிக்கிற மகள் அம்மாவுக்கு டீச்சர். "மா, நீ தப்பு பண்ணா நானும் முட்டி போட வைப்பேன்" என்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது, கம்பெனி பஸ்ஸில், டேபிளில் — முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறேன். படப்பையில் பஸ் ஏறினால் ஒரகடம் வருவதற்குள் ஆறு தடவை ஒப்பிக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது வரை தண்ணீர்ப்பட்ட பாடு. எட்டில் நிற்கிறது. ஒன்பது வருகிறது, பத்து வருகிறது. எட்டு மட்டும் ஏன் வரவில்லை? மண்டையில் என்னதான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மெர்சி இன்று கேட்டாள்: "மா, எட்டு வந்தா ஏன் நாக்கால ரெண்டு தடவை ச்சு ச்சுன்ற?"

நான் அப்படிச் செய்யவில்லை என்றேன். செய்தாய் என்றாள். மறுபடி ஒப்பித்துப் பார்த்தேன். செய்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

டீ இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் என் அடுக்கில் ஒரு ட்ரே குறுக்கே திரும்பி இருந்தது. மற்றதெல்லாம் நேராக. நேராக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். சாப்பிட்டு வந்தால் மறுபடி குறுக்கே. கீழேயிருந்து எண்ணினேன். எட்டாவது.

எவளோ விளையாடுகிறாள். பிடிபட்டால் இருக்கிறது அவளுக்கு.

ஜூன் 18, புதன்

டீக்கே போகவில்லை. டேபிளை விட்டு ஒரு அடி நகரவில்லை. யாரும் பக்கத்தில் வரவில்லை. பதினோரு மணிக்குப் பார்த்தேன் — எட்டாவது ட்ரே குறுக்கே இருக்கிறது.

வைத்தது என் கைதான். வேறு கை அங்கே இல்லை. வைத்தது மட்டும் ஞாபகமில்லை.

ஜூன் 19, வியாழன்

எதிர் டேபிள் கிளியம்மாள் அக்கா பத்து நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திமிர் என்று நினைத்திருந்தேன். இன்று கேன்டீனில் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா ஜாஸ்மின், பங்கஜத்த உனக்குத் தெரியுமா?"

"யாருக்கா அது?"

அக்கா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கு முன்னால் நாலாம் டேபிளில் இருந்தவளாம். போன வருடம் இதே டெஸ்டுக்கு, இதே வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தாளாம். எட்டு மட்டும் அவளுக்கு நிற்காதாம். அதனால் அடையாளத்துக்கு எட்டாவது ட்ரேயைக் குறுக்கே வைப்பாளாம். அதுவரை நூற்று முப்பத்தாறு என்று கணக்கு. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் டெங்கு. நாலே நாளில் போய்விட்டாள். அவள் சம்பளத்தில்தான் குன்றத்தூரில் அம்மாவும் அவளும் சாப்பிட்டார்கள்.

"நீ சொல்லிக்கினு இருக்கும்போது நான் நிமிந்தே பாக்கறதில்லடி. அதே ராகம். அதே ச்சு ச்சு. அவதான் குந்திக்கினு கீறான்னு தோணுது."

நான் மோல்டிங் ஷெட்டில் இருந்தவள். அவளை ஒரு நாள் கூடப் பார்த்ததில்லை.

ஜூன் 20, வெள்ளி

லீவு போட்டேன். வாய்ப்பாடு சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது.

ஜூன் 24, செவ்வாய்

பயந்து என்ன ஆகப்போகிறது? டேபிள் மாற்றிக் கேட்டால் டெஸ்டுக்கு முன்னால் சிணுங்குகிறாள் என்பார்கள். எனக்கு வேலை வேண்டும். மெர்சிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

அதனால் தடுப்பதை விட்டுவிட்டேன். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன். எட்டு பதினேழு நூற்று முப்பத்தாறு — நான் நினைப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ச்சு ச்சு கூட இல்லை. பதிமூன்று, பதினாறு, எங்கே கேட்டாலும் வருகிறது. டில்லிபாபு, "பரவால்லயே ஜாஸ்மின், கால்குலேட்டர முழுங்கிட்டியா?" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே. முதுகு ஏன் சில்லென்று இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

முடிந்தது. மேனேஜர் பன்னிரண்டு அடுக்கு காட்டினார், பன்னிரண்டும் சரி. ஒன்றில் எட்டு ட்ரே. எண்ணாமலே சொன்னேன். எம்ப்ளாயி நம்பர் கேட்டார், சொன்னேன், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது தொண்டை வறண்டு கிடந்தது, நாள் பூராவும் யாரோ என் குரலில் பேசின மாதிரி.

பாஸ்தான். சந்தேகமே இல்லை.

ஜூன் 30, திங்கள்

நோட்டீஸ் போர்டில் மூன்று பேர். என் பெயர் இல்லை.

மூன்றாவது பெயர் பங்கஜம்.

ஹெச்.ஆர். பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "1784ன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? அந்த நம்பருக்கு இந்தப் பேருதான் வருது. பழைய ஆள், சிஸ்டத்துல எடுக்காம விட்டுட்டாங்க." என் நம்பர் 2261. மூன்று வருடமாக என் கழுத்தில் தொங்குகிற நம்பர். 1784 என்ற நம்பரை நான் என் ஜென்மத்தில் கேட்டதில்லை.

டில்லிபாபு கத்தினார். "வெளையாடுறியாம்மா? செத்தவ நம்பர சொல்லியிருக்க!" கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன். மூணாம் தேதி மறுபடி டெஸ்ட். அதுதான் கடைசி.

சாயங்காலம் கிளியம்மாள் அக்கா போர்டு முன்னால் நின்றிருந்தார். அந்தப் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஜூலை 1, செவ்வாய்

கேட்டுக்கோ பங்கஜம். இன்னிக்கு டேபிளில் உட்கார்ந்து மனசுக்குள்ள இதத்தான் சொன்னேன், எழுதியும் வைக்கிறேன். நீ பாஸ் ஆயிட்ட. போர்டுல போட்டுட்டாங்க. ஊரே பாத்துச்சு. எனக்குப் புள்ள இருக்கு. என்ன விட்டுடு.

சொல்லிவிட்டு அழுதேன். எனக்காகவா, அவளுக்காகவா, தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

மேனேஜர் இந்தத் தடவை நம்பரை முதலில் கேட்டார். கழுத்து அட்டையைப் பார்த்துப் படித்தேன். 2261.

எட்டு ட்ரே அடுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே யாரும் இல்லை. மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது, அது என்னுடையது, அது தெரியும். அதோடு பத்து, நூற்று இருபத்தொன்பது. அதோடு ஏழு.

"நூத்தி முப்பத்தாறு சார்."

"ஏம்மா, போன வாரம் பட்டுனு சொன்னியே?"

"இன்னிக்கு நான் சொல்றேன் சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. டிக் போட்டார்.

ஜூலை 7, திங்கள்

ஆர்டர் கையில் கொடுத்தார்கள். என் பெயர், என் நம்பர். மூன்று தடவை படித்தேன்.

போர்டில் புது லிஸ்ட் ஒட்டினார்கள். கிழித்த பழைய தாளைக் கிளியம்மாள் அக்கா கேட்டு வாங்கி, மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டார். "அவங்கம்மாகிட்ட காட்டணும்டி. பொண்ணு பாஸாயிட்டான்னு."

நாளையிலிருந்து நான் லைன் லீடர், நாலாம் டேபிளுக்கு வேறு ஆள். மதியம் சாப்பிட்டுத் திரும்பி வந்து அடுக்கைப் பார்த்தேன். எட்டாவது ட்ரே நேராகத்தான் இருந்தது. போன வியாழனிலிருந்தே நேராகத்தான் இருக்கிறது.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. நானே அதைக் குறுக்கே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.