மூணுக்கு அப்புறம் அஞ்சு

ஏனுங்க,

சூரத்தில் வெயில் குறைந்ததா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

தன்விகாவுக்கு எண்ணச் சொல்லித் தருகிறேன். நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்பாள். எத்தனை திருத்தினாலும் நாலு வராது. நேற்று, "நாலு எங்க கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

"பாப்பா பொறந்தா நாம நாலு பேருன்னு அப்பா சொன்னாங்கல்ல? ஆஸ்பத்திரில இருந்து நீங்க மட்டுந்தானுங்களே வந்தீங்க?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"வெங்காயமுங்களாம்மா?"

"இல்ல கண்ணு. பாப்பா நெனப்பு."

முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அதன் பிறகு நாலையும் சேர்த்தே எண்ணுகிறாள்.

நீங்களும் பாப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. தீபாவளிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள். இங்கே வந்து அழுங்கள், நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் அம்மணி