வரிசையில் கடைசிக் குடம்

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் மகிழினிக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். டப்ளின் குளிரிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, மாடியில் மட்டும் நிலக்கரித் தூசி எப்போதும் போல் படிகிறது. போனில் சொல்ல வராத ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். நம் கவுன்சிலராக இருந்த சிவந்தி அக்கா போன மாதம் இறந்துபோனார். இந்தப் பகுதியில் முதன்முதலாக ஜெயித்த பெண். மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போனவர் என்பார்கள், அந்த மாதிரிப் பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கண்ணால் கண்டது வேறு. தண்ணீர் லாரி வரும் காலைகளில் தன் குடத்தை வரிசையின் கடைசியில் வைப்பார், பின்னால் யார் வந்தாலும் முன்னே விடுவார், தன் முறை வரும்வரை தெருவின் குறைகளைக் கேட்டுக்கொண்டு நிற்பார். பதவி போன பிறகும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை தூக்கம் கலையாமலே தண்ணீருக்குப் போனேன். கடலிலிருந்து பனி ஏறி வந்து தெருவே தெரியவில்லை. கப்பல் சங்கு தண்ணீருக்கு அடியிலிருந்து ஊதுவது போலிருந்தது, குடங்கள் மட்டும் நிறம் நிறமாக மிதந்தன. ஏதோ நினைவில் என் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, பின்னால் வந்த பெண்ணை முன்னே விட்டேன். அவ்வளவுதான். மீன் விற்கும் பூவம்மா என்னிடம் வந்து சாக்கடை அடைப்பைச் சொல்ல ஆரம்பித்தாள், அடுத்து எதிர்வீட்டு டெபோரா பஸ் நிற்காமல் போவதைச் சொன்னாள். கனவில் யாரோ ஒருவருக்குப் பதிலாக நிற்பது போல் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சுதாரித்து, தெரியாமல் வைத்துவிட்டேன் என்றேன். பூவம்மா விடவில்லை. "இன்னா டீச்சர், வச்சது வச்சிட்டே, எலெக்‌ஷன்ல நீயே நின்னுடு. இல்லாங்காட்டி அந்தக் காண்ட்ராக்டரு பொண்டாட்டிய நிக்க வச்சிட்டு, நாற்காலில அவன் வந்து குந்திக்குவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. இது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, அவர் மனைவி பெயரில் விளம்பரம் எழுதச் சுவரெல்லாம் இப்போதே வெள்ளையடித்தாகிவிட்டது.

அரசியல் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். நின்றால் கல்லூரி வேலையை விடவேண்டும், தோற்றால் இரண்டும் இல்லை. அப்பா உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்த காரணங்கள் எல்லாம் வேண்டாம் என்றே சொல்லின. இன்று காலை பூவம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது வந்த பயம் இன்னும் போகவில்லை.

நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்கட்டும் கண்ணு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. உன் ஓட்டு இன்னும் இந்த வார்டில்தான் இருக்கிறது, லீவு கிடைத்தால் வந்து போடு. எனக்குப் போடு என்று கேட்கமாட்டேன். யோசித்துப் போடு.

அன்புடன்,
அம்மா
நீலா