மின்னஞ்சலின் அடியில் என் பெயர்

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் அந்தக் கறுப்புக் கோட்டின் வாசம் வந்தது. பாச்சை உருண்டையும் உன் பவுடரும் கலந்த வாசம். நீ போய் ஓராண்டுக்கு மேல் ஆகிறது. காலரில் பவுடர் இன்னும் இருக்கிறது. நான் அதைத் துவைக்கவில்லை. துவைக்கப்போவதும் இல்லை.

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பண்டல் கடையில், பழைய துணிக் குவியலுக்குள் தலையை விட்டு நீதான் அதை இழுத்தெடுத்தாய். கல்லூரியில் நம் வணிகத் தொடர்பு வகுப்பில் எல்லோரும் இணையத்தில் வேலைக்கான சுயவிவரப் பக்கம் திறக்க வேண்டும், அதில் கோட்டுப் போட்ட படம் இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நம் இருவருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. சுங்கை பினாங்கில் உங்கள் அடுக்குமாடி வராந்தாவில், வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்று, மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்தோம். மேலே கோட்டு, கீழே கைலியும் ஜப்பான் சிலிப்பரும். "சிரிக்காதடி, மேனேஜர் மாதிரி மொறை" என்று நீ சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டும் அப்பாவுக்கு மின்னஞ்சல் என்றாலே அரசாங்க விஷயம். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கி, "மீண்டும் மன்னிக்கவும்" என்று முடிப்பேன். நீ பக்கத்திலிருந்து கையை நீட்டி அழித்துவிடுவாய். "யார் வீட்டுக் கண்ணாடிய ஒடச்ச நீ? என்ன வேணும்னு மொதல்ல சொல்லு. ஏன்னு பெறகு சொல்லு. நன்றி சொல்லிட்டு எந்திரிச்சு வா."

முதன்முதலாகப் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தேனே, அந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட முடியவில்லை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். "அன்புள்ள திரு ஆறுமுகம், உங்களை நேர்காணலுக்கு அழைக்கிறோம்" என்று பதில் வந்தது. படித்துக் காட்டியதும் அப்பா திகைத்துப்போனார். "என்னைய எதுக்கும்மா கூப்புடுறாங்க?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "கோட்டு ரெடியா இருக்கு அங்கிள். போட்டுட்டுப் போங்கலா."

மறுவாரம் வகுப்பில் மிஸ் அதையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். "இதுக்குத்தான் சொல்றேன், நம்ம பேரு கிளையண்ட்டுக்குக் கொழப்பம். சின்னதா ஒன்னு வச்சுக்குங்க. செலினா, டினா, எதாச்சும்." பலர் உடனே புதுப் பெயரைத் தட்டத் தொடங்கினார்கள். நீ எழுந்து நின்றாய்.

"மிஸ், அவங்க பேரு நம்ம வாயில நொழையலன்னா அவங்க மாத்திக்குவாங்களா?"

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "உனக்கு மார்க்கு வேணுமா, வேணாமா?"

"வேணும் மிஸ். என் பேருல வேணும்."

அந்தப் பாடத்தில் உனக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. முழுப் பெயரோடு உன் சுயவிவரப் பக்கம் அப்படியே நின்றது. கடைசிப் பருவத்தில் டெங்கிக் காய்ச்சலில் படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. பட்டமளிப்பு மேடையில் உன் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை. இந்த மாதம் சோதனைக் காலம் முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று சொல்லப்போகிறவர் எங்கள் டீம் லீடர் ஷேரன். நம் ஆள்தான், அடையாள அட்டையில் சாரதாம்பாள். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து, மின்னஞ்சலின் அடியில் புவனேஸ்வரி என்று இருப்பதை எடுத்துவிட்டு டினா என்று போடச் சொன்னார்.

"எத்தன வருஷமா நான் ஷேரன்னு இருக்கேன். செத்தா போயிட்டேன்?"

அந்தச் சொல் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரியாது. நேருக்கு நேர் பதில் சொல்ல எனக்கு வராது. எழுத வரும். அவர் போனதும் அவருக்கே மின்னஞ்சல் எழுதினேன்: "என் பெயர் புவனேஸ்வரி. மின்னஞ்சலில் அதுவே இருக்கும். வாடிக்கையாளர்களுக்குச் சிரமமாக இருந்தால், எப்படிச் சொல்வது என்று நானே சொல்லிக் கொடுக்கிறேன். நன்றி." மன்னிப்பு எங்கும் இல்லை.

ஷேரன் பதில் எழுதவில்லை. நேற்று இணையக் கூட்டத்தில், "இது டினா" என்று வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்தினார். திரையில் அத்தனை முகங்கள். கூட்டங்களில் நான் மைக்கைத் திறந்ததே இல்லை. திறந்தேன். "என் பெயர் புவனேஸ்வரி" என்றேன். மறுமுனையில் ஒருவர் சொல்லிப் பார்த்தார், தடுமாறினார், சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றேன். சரியாக வரும்வரை காத்திருந்தேன். கூட்டத்தில் இருந்த எல்லோரும் என்னோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

முடிந்ததும் ஷேரன் நாற்காலியைத் திருப்பினார். "கன்பர்ம் ஆவுறதுக்கு முன்னாடியே இவ்ளோ திமிரா?"

"திமிரு இல்லக்கா. பேரு."

வேலை நிலைக்குமா, தெரியவில்லை. போனால் போகட்டும், அடுத்த விண்ணப்பமும் இதே பெயரில்தான் போகும். எத்தனை உரக்கக் கூப்பிட்டாலும் உன் பெயருக்குத் திரும்பிப் பார்க்க நீ இல்லை. என் பெயருக்குத் திரும்ப நான் இருக்கிறேன். இன்று அலுவலக நடையில் பின்னாலிருந்து யாரோ "டினா" என்று கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தேன்.