ரொசாவுராவும் "காக்கோ தா நே"யும்

மில்னா, பிராச் தீவு
23 மே 2002, வியாழன்

அன்புத் தங்கை பெரினாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் குமட்டுகிறது. போனில் சொல்லியிருப்பேன். போன் கூடத்தில் இருக்கிறது, உன் அத்தான் லோவ்ரேயும் நாள் முழுக்கக் கூடத்திலேயே இருக்கிறான்.

சிலி நாட்டிலிருந்து ரொசாவுரா வந்திருப்பதை ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடம் சொன்னேன் அல்லவா? லோவ்ரேயின் பெரியப்பா மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவள் அப்பா ஆந்தே பத்தொன்பது வயதில் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை. பரம்பரை வீட்டில் பாதி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதை எழுதி வாங்கத்தான் லோவ்ரே இனிக்க இனிக்கக் கடிதம் போட்டு அவளை வரவழைத்திருக்கிறான். எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று எழுதவே கூசுகிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அவளுக்கு இரண்டே ஆசை. அப்பா பிறந்த அறையில் சில நாள் தூங்க வேண்டும், குடும்பக் கல்லறையின் கல்லில் அவர் பெயரையும் வெட்ட வேண்டும். அகராதியைப் புரட்டி, கைஜாடை காட்டிக் கேட்டாள். இரண்டுக்கும் லோவ்ரே நெஞ்சில் கை வைத்து, "காக்கோ தா நே, அக்கா!" என்றான். பின்னே இல்லாமலா, தாராளமாக, என்று. அவள் கண் கலங்க அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து ரொட்டிக் கடையிலும் கோயிலிலும் அவள் வாயில் அதுதான்.

அறையை நான் திறந்து பார்த்தேன். கிழிந்த மெத்தைகள், விரல் உயரத்துக்குப் புறா எச்சம். மூலையில் ஒரு வாளி நிறைய மீன் குடல் கூழாகிப் புழு நெளிந்துகொண்டிருந்தது. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். சுத்தம் பண்ணித் தருகிறாயா என்று அவனிடம் கேட்டேன். பல் குத்திக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல், "மா, காஆக்கோ தா நே!" என்றான். ஆமாம், அது ஒண்ணுதான் குறைச்சல், என்கிற வகை. ரொசாவுரா இத்தனை நாளும் எங்கள் சமையலறைச் சோபாவில்தான் படுத்தாள்.

காபிக்கடையில் நடந்தது இன்னும் அசிங்கம். லோவ்ரேயின் கூட்டாளி ஒருவன், "அக்கா, சிலியில எல்லாரும் குகையிலயா குடியிருக்கீங்க?" என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டு "காக்கோ தா நே" என்றாள். "பெங்குவின் வறுவல் ருசியா இருக்குமோ?" என்றான் இன்னொருவன். "காக்கோ தா நே!" மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். லோவ்ரேயின் வாயில் மென்ற பன்றி இறைச்சி தெரிந்தது. தன்னையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், பெரினா. அந்தச் சிரிப்பை எத்தனை தடவை வாய் கொப்பளித்தும் போக்க முடியவில்லை.

மறுநாள் அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். "சுப்பெதார் டவுன்ல பத்திரம் எழுதற நோட்டரி ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. காக்கோ தா நேன்னு சொல்லிட்டுக் கையெழுத்தப் போடு. அப்புறம் கல்லுல பேரு வெட்டிடலாம்." அவள் தலையாட்டினாள். என்ன கேள்வி என்று அவனைத் தனியாகக் கேட்டேன். "நம்ம பாஷை தெரியுமான்னு கேப்பான். தெரியாதுன்னா மொழிபெயர்ப்பாளர கூப்பிடுவான், அவளுக்கு எல்லாம் புரிஞ்சிரும்" என்றான். அப்போ கல்லில் பேர்? "பேரு வெட்டினா நாளைக்கு அவ புள்ளைங்களும் வந்து நிக்கும். போய் வேலையப் பாரு."

அவன் படகுக்குப் போனதும் நானும் அவளும் மத்தி மீன் ஆய உட்கார்ந்தோம். அவள் நோட்டையும் அகராதியையும் கேட்டு வாங்கி, சொல்லைத் தொட்டுக் காட்டியும் நடித்துக் காட்டியும் விளக்கினேன். எதிரில் இருப்பவர் முகம் பார்த்து ஒரே மூச்சில் சொன்னால் அது சம்மதம், பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டால் அப்படிச் சொல்லலாம் என்றேன். முன்னால் ஒரு "மா" சேர்த்து, இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் அதே சொல் ஒருநாளும் இல்லை என்றாகிவிடும். "நீங்க பெங்குவின் தின்பீங்களா?" என்று கேட்டேன். அவள் கத்தி அப்படியே நின்றது. காது மடல் வரைக்கும் சிவந்தாள். காபிக்கடை ஞாபகம் வந்திருக்கும்.

லோவ்ரே சொன்னது இதில் எந்த வகை என்று கேட்டாள். இரண்டும் இல்லை, நெஞ்சில் கை வைத்துச் சொல்வது மூன்றாவது வகை, அது எங்கள் வீட்டில் மட்டும்தான், இருபத்துநாலு வருஷமாக எனக்குக் கிடைப்பதும் அதுதான் என்றேன். மீன் ரத்தம் பட்ட விரலால் பலகையில் வீட்டை வரைந்து, அவள் பாதியை அழித்துக் காட்டினேன். அவள் கை கழுவிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

சுப்பெதாருக்கு நானும் போனேன். நோட்டரி கண்ணாடி போட்ட மெலிந்த பெண்மணி. தாள்களை அடுக்கிவிட்டு, "அம்மா, உங்களுக்குக் குரோவாட்டிய மொழி நல்லாத் தெரியுமா?" என்று கேட்டார். லோவ்ரே அவள் முழங்கையைத் தொட்டான். ரொசாவுரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "மா, காஆஆக்கோ தா நே!" என்றாள். என் மாமியார்கூட அவ்வளவு அலட்சியமாகச் சொன்னதில்லை. நோட்டரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு லோவ்ரேயை ஏற இறங்கப் பார்த்தார். "மொழிபெயர்ப்பாளர் இல்லாம ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன்" என்று கோப்பை மூடினார்.

வழி முழுக்க லோவ்ரே கார் ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தான். வீட்டில் தட்டைச் சுவரில் எறிந்து, "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினான். நான்தான் என்றேன். ரொசாவுரா பெட்டியோடு பாதிரியார் வீட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் வந்தார், முழுதும் கேட்டாள், கையெழுத்துப் போடவில்லை. செவ்வாயன்று அவள் அழைத்து வந்த கல்தச்சர் குடும்பக் கல்லறைக் கல்லில் ஆந்தேயின் பெயரை வெட்டினார். தூசியைக் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள். என்னிடம் நன்றி என்று சொல்லவில்லை, என் ஈரக் கையை விடவும் இல்லை.

லோவ்ரே இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் வைத்ததைத் தின்கிறான். மீன் தலையை உறிஞ்சும் சத்தம் பின்கட்டு வரை கேட்கிறது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எப்படிச் சாப்பிட்டேன்?

உங்கள் ஊர் மருத்துவமனைச் சமையற்கூடத்துக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னாயே, இன்னும் எடுக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். பதிலை வீட்டுக்கு எழுதாதே. தபால் நிலையத்தில் நானே போய் வாங்கிக்கொள்கிறேன். உறையின்மேல் அப்பா வீட்டுப் பெயரையே போடு: வின்கா ட்ருட்டானிச். அதை எழுதிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

பிள்ளைகளுக்கு என் முத்தம். கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். சீக்கிரம் எழுது, பெரினா.

உன் அக்கா,
வின்கா